வீடு பளிச்னு இருக்கு, ஆனா கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு தெரியல

கேள்வி: எங்க வீட்ட பார்க்கிறவங்க எல்லாரும் எவ்வளவு நீட்டா வெச்சிருக்கீங்கன்னு தான் சொல்வாங்க. ஆனா ஒரு டேப் வேணும்னா நாலு டிராயர் திறக்கணும், பழைய பில் தேடினா அரை நாள் போயிடும். பாக்ஸ் பாக்ஸா வாங்கி அடுக்கியும் பார்த்துட்டேன். வீட்ல யாரும் எடுத்த பொருள எடுத்த இடத்துல வைக்கிறதும் இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், உங்க வீட்ல சோம்பேறித்தனம்னு எதுவும் இல்ல, நீங்க நிறைய வேலை செய்றீங்க, ஆனா அந்த வேலை பூரா கண்ணுக்கு முன்னாடி இருக்கிறத கண்ணுக்கு மறைவா வைக்கிறதுலயே போகுது. வீடு நீட்டா இருக்கிறது வேற, ஒழுங்கா இருக்கிறது வேற. நான் வீடு வீடா போய் இத செஞ்சு குடுக்கிறப்ப பார்க்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு தான், நீங்க வீட்ல இல்லாதப்ப, உங்களுக்கு போன் பண்ணாம, வேற ஒருத்தர் அந்த கத்தரிக்கோல எடுத்துட்டு திருப்பி வைக்க முடியுமா?

ஃபேக்டரிகள்ல வேலை இடத்த ஒழுங்கா வைக்க 5எஸ்னு அஞ்சு படி உள்ள ஒரு முறை உண்டு, ஜப்பான்ல டொயோட்டா மாதிரி கம்பெனிகள் மூலமா உலகம் பூரா பரவுனது. அதுல முதல் எஸ் செய்ரி, தேவையில்லாதத பிரிச்சு எடுக்கிறது. ரெண்டாவது செய்டோன், மிச்சம் இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் குறிக்கிறது. மூணாவதா தான் செய்சோ, அதாவது சுத்தம் பண்றது. நம்மள்ல நிறைய பேர் நேரா மூணாவதுல ஆரம்பிச்சு அங்கயே நின்னுடுறோம், உங்க வீட்லயும் அதான் நடக்குது.

அதனால இந்த வாரம் எதையும் அடுக்காதீங்க, ஒரு பேப்பர் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க, வீட்ல யார் "அது எங்க இருக்கு"ன்னு கேட்டாலும் அந்த பொருள் பேர அதுல எழுதணும், ரெண்டாவது தடவ கேட்டா பக்கத்துல ஒரு கோடு, அவ்வளவுதான். வாரக் கடைசில பார்த்தீங்கன்னா வீடு பூரா பிரச்சனை இல்லன்னு புரியும், ஒரு பத்து பதினஞ்சு பொருள் தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். டேப், சார்ஜர், நகவெட்டி, சாவி, ஸ்க்ரூ டிரைவர், இப்படி. அந்த பத்துக்கு மொதல்ல இடம் போடுங்க, மத்தது காத்திருக்கட்டும்.

இடம் எங்க போடுறதுன்னா, அந்த பொருள் எந்த வகைன்னு பார்க்காதீங்க, எங்க யூஸ் ஆகுதுன்னு பாருங்க. கத்தரிக்கோல் ஸ்டேஷனரி தானேன்னு படிக்கிற ரூம்ல வெச்சா, சமையல் ரூம்ல பாக்கெட் வெட்ட எடுத்துட்டு போனது அங்கயே தங்கிடும். மூணு இடத்துல தேவைன்னா மூணு கத்தரிக்கோல் வெச்சுக்கோங்க, அது வீண் செலவே இல்ல.

உங்க டிராயர் ஒண்ண கற்பனை பண்ணி பார்க்கிறேன், நிறைய வீட்ல பார்த்தது தான். மேல ஒரு ரிமோட், அதுக்கு டிவியே இப்ப இல்ல, அடில எந்த பூட்டுக்குன்னு தெரியாத நாலு சாவி, பாதி தீர்ந்த டேப், முடிச்சு விழுந்த ஒயர், நல்லதா தீர்ந்ததான்னு தெரியாம உருள்ற பேட்டரி. இத உள்ளயே தள்ளி தள்ளி சரி பண்ண முடியாது. மொத்தமா ஒரு பெட்ஷீட் மேல கொட்டுங்க, ஒரே மாதிரி இருக்கிறத ஒண்ணா குவிங்க, அப்பதான் டேப் மட்டும் அஞ்சு இருக்குன்னே தெரியும். பேட்டரில ஒரு ஜாக்கிரதை: சதுரமா இருக்கிற 9 வோல்ட் பேட்டரில ரெண்டு முனையும் மேலயே பக்கத்து பக்கத்துல இருக்கு, சாவியோ ஊக்கோ குறுக்க பட்டா சூடாகி தீ பிடிக்கலாம், அதனால முனை மேல டேப் ஒட்டி தனியா வைங்க. பட்டன் பேட்டரி குழந்தை முழுங்கினா உயிருக்கே ஆபத்து, அது கைக்கு எட்டாத இடத்துல தான் இருக்கணும்.

பாக்ஸ் வாங்குறது கடைசி வேலை, நீங்க அத மொதல்ல செஞ்சுட்டீங்க, அதான் பாக்ஸுக்கு ஏத்த மாதிரி பொருள திணிக்க வேண்டி வந்துச்சு. குவியல் எவ்வளவுன்னு தெரிஞ்ச பிறகு, ஷெல்ஃபோட உள் அளவ டேப் வெச்சு அளந்துட்டு வாங்குங்க, கதவு கீல் இருக்கிற பக்கம் கொஞ்சம் இடம் போகும், அதையும் கழிச்சுக்கோங்க. ஆழமான ஷெல்ஃப்ல முன்னால ஒரு வரிசை பின்னால ஒரு வரிசைன்னு அடுக்கினா பின் வரிசை இருக்கிறதே மறந்துடும், அங்க நீளமான ட்ரே வெச்சு அப்படியே வெளிய இழுக்கிற மாதிரி பண்ணுங்க. கனமான பொருள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு, எப்பவாவது எடுக்கிற லேசானது மட்டும் மேல.

பேப்பர் விஷயம் தனி. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, அடில இருக்கிறத எடுக்க மொத்தத்தையும் கலைக்கணும். ஃபைல்ல போட்டு புத்தகம் மாதிரி நிக்க வைங்க. வழவழன்னு இருக்கிற பில் தெர்மல் பேப்பர், அதுல மையே கிடையாது, சூட்டுல கறுக்கிற கோட்டிங் தான், வெயில் சூடுன்னு பட்டா எழுத்து மங்கிடும், வாரன்டிக்கு வேணும்னா வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க.

மருந்த பாத்ரூம் கப்போர்டுலயும் அடுப்பு பக்கத்துலயும் வைக்காதீங்க, ஈரமும் சூடும் அத கெடுத்துடும்.

லேபிள் எழுதுறப்ப வீட்ல எல்லாரும் பேசுற வார்த்தையில எழுதுங்க. ஒரு வீட்ல "மின்சாதன உதிரிகள்"னு அழகா ஒட்டி வெச்சிருந்தாங்க, பசங்க அந்த பெட்டிய தொட்டதே இல்ல, "சார்ஜர், ஒயர்"னு மாத்துனதும் தானா அதுல போட ஆரம்பிச்சாங்க.

இப்ப உங்க கடைசி வருத்தம், யாரும் திருப்பி வைக்கிறதில்லன்னு. இதுல அவங்கள குறை சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சு பாருங்க, எடுக்கிறப்ப தேவை இருக்கு, அதனால நாலு டப்பாவ நகர்த்திக்கூட எடுத்துடுவோம், வைக்கிறப்ப தேவை முடிஞ்சு போச்சு, மனசு அடுத்த வேலைக்கு போயிடுச்சு, அப்ப கதவ திறந்து மேல இருக்கிற பாக்ஸ இறக்கி மூடிய கழட்டி போடுன்னா யார் செய்வாங்க? அதனால எடுக்க சுலபமான்னு பார்க்காம வைக்க சுலபமான்னு பார்த்து இடம் போடுங்க. சாவி தினமும் டேபிள் மேல தான் விழுதுன்னா டேபிள் மேலயே ஒரு கிண்ணம் வெச்சுடுங்க. தினசரி தொடுற பெட்டி எல்லாத்துக்கும் மூடிய கழட்டி ஒரு ஓரமா போட்டுட்டு ரெண்டு வாரம் பாருங்க. அப்பவும் ஒரு பொருள் மட்டும் தவறாம வேற இடத்துலயே கிடக்குதுன்னா, நீங்க குறிச்ச இடத்த விட்டுடுங்க, அது கிடக்கிற இடத்துலயே அதுக்கு ஒரு ட்ரே வைங்க.