பெடலைக் கழற்றினால் பாட்டு நிற்குமா?

கேள்வி: சார், காது கிழியப் பாடிக்கொண்டிருந்த கிறிஸ்தவ ராக் குழு பி.ஓ.டி., தன் பழைய பாட்டுகளையே மின்சாரம் வேண்டாத அகூஸ்டிக் கிதாரில் திரும்பப் பாடி ஆல்பமாக்கியது. சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: சரக்கு தீர்ந்து பழையதைச் சூடு பண்ணுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2014-இல் வந்த ‘சோகால் செஷன்ஸ்’ ஆல்பத்தை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் ‘மர்டர்ட் லவ்’ என்று முழுப் புது ஆல்பம் போட்டிருந்தார்கள். அதிலிருந்தும் சில பாட்டுகள் இதில் உண்டு.

எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்று பாருங்கள். 2001-இல் வந்த ‘சாட்டிலைட்’ ஆல்பத்தில் மேடையை அதிரவைக்கிற பாட்டு ‘பூம்’. அது இல்லை. அதற்கும் முந்தைய ‘சவுத்டவுன்’ இல்லை. ‘அலைவ்’ இருக்கிறது, ‘யூத் ஆஃப் தி நேஷன்’ இருக்கிறது. ‘பூம்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை, அதாவது ரிஃபை, உருவிவிட்டால் மிச்சம் கோஷம்தான். ‘அலைவ்’ பல்லவியையோ பாத்திரம் கழுவிக்கொண்டே முனகலாம், மெட்டு அப்படியே நிற்கும்.

‘யூத் ஆஃப் தி நேஷன்’ இன்னும் ஒரு படி மேல். 2001 மார்ச்சில், இவர்களுடைய சான் டியாகோவை ஒட்டிய சான்டீ என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதன் நிழல் விழுந்த பாட்டு, சீரழிந்துபோன இளசுகளின் கதை. அசல் பதிவில் சிறுவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பாடும்போது நெஞ்சை அடைக்கும். அகூஸ்டிக்கில் அந்தப் பிரம்மாண்டம் குறைகிறது. ஆனால் குழுவின் பாடகர் சன்னி சாண்டோவல் நம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அதற்காக முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், நடுவில் கொட்டாவி வரும்.

கேள்வி: எலக்ட்ரிக்கில் கம்பீரமாகக் கேட்கும் பவர் கார்டு, அகூஸ்டிக்கில் வாசித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதே, ஏன்?

பதில்: நானும் பட்டவன்தான். ‘அலைவ்’ பாட்டை அகூஸ்டிக்கில் கொண்டுவர மூன்று ராத்திரி மல்லுக்கட்டினேன். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி, “என்னங்க, கம்பி கிம்பி அறுந்துடுச்சா?” என்றாள்.

விஷயம் இதுதான். எலக்ட்ரிக் கிதாரில் காலால் மிதிக்கிற பெடல் தரும் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். அது ஒலி அலையின் தலையைச் சீவிவிடுகிறது. மெதுவாக மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஸ்வரமும் நீண்டு நிற்கும். அகூஸ்டிக்கில் மீட்டிய கையோடு சத்தம் இறங்க ஆரம்பித்துவிடும். அப்புறம், பவர் கார்டு என்பது வெறும் ‘ஸ’வும் ‘ப’வும். தம்புரா மாதிரி. டிஸ்டார்ஷனோடு காந்தாரத்தையும் (‘க’) சேர்த்தால் கொழகொழத்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். பெடலைக் கழற்றியதும் அந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது.

அதனால் காந்தாரத்தைச் சேர்த்துதான் ஆக வேண்டும். சாதாரண காந்தாரம் வைத்தால் மைனர், பாட்டு சோகமாகும். அந்தர காந்தாரம் வைத்தால் மேஜர், முகம் மலரும். எலக்ட்ரிக்கில் இந்தக் கேள்வியே வராமல் தப்பித்துவிடலாம், இங்கே முடியாது. பாடகரின் மெட்டு எந்தக் காந்தாரத்தைத் தொடுகிறது என்று பார்த்து அதையே வையுங்கள். கம்பியை இழுத்து வளைக்கிற வித்தையையும் குறைத்துக்கொள்ளுங்கள். அகூஸ்டிக்கில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் சுருள் சுற்றிய தடிக் கம்பி, அது வளையாது, விரல்தான் கிழியும்.

கேள்வி: பி.ஓ.டி. என்றால் என்ன?

பதில்: ‘பேயபிள் ஆன் டெத்’. கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணம் இன்னாருக்கு என்று வங்கியில் எழுதிவைக்கிற ஏற்பாடு. இயேசுவின் மரணத்தால் நமக்குக் கிடைத்தது என்ற நம்பிக்கையை அந்த வங்கிச் சொல்லில் மடித்து வைத்திருக்கிறார்கள். குறும்பான பெயர்.

கேள்வி: ‘ஜார்ஸ் ஆஃப் கிளே’ குழுவும் இப்படிச் செய்ததே, இரண்டில் எதை முதலில் கேட்கலாம்?

பதில்: ஆமாம், அவர்களுடைய ‘20’ ஆல்பமும் 2014-இல்தான் வந்தது, ரசிகர்களையே பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பைபிளின் கொரிந்தியர் நிருபத்தில் வருகிற மண்பாண்டம்தான் இவர்களின் பெயர். 1995-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அகூஸ்டிக் கிதார்தான் முன்னால் நின்றது. அதனால் இங்கே மாற்றம் நிதானமாகத்தான் தெரியும், அதற்குக் காது பழக வேண்டும். முதலில் பி.ஓ.டி.யையே எடுங்கள். ‘யூத் ஆஃப் தி நேஷன்’ அகூஸ்டிக் பதிவை முதலிலும் அசலை அடுத்ததாகவும் கேளுங்கள், தலைகீழ் வரிசையில்.