நிற்கிற சில்வர் ஓக்கை அப்படியே விற்பதா, நாமே வெட்டி விற்பதா?

கேள்வி இதுதான்: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கம் 3 ஏக்கர் காபித் தோட்டம். அதில் நிழலுக்கு வளர்த்த 80 சில்வர் ஓக் மரங்கள் முற்றி நிற்கின்றன. மர வியாபாரி மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா, ஆள் வைத்து வெட்டி விற்றால் கூடக் கிடைக்குமா?

இரண்டையும் செய்து பார்த்து இரண்டிலும் அடி வாங்கியவன் நான். எங்கள் தோட்டம் தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறது.

முதல் தடவை அப்பா காலத்தில். வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். “எல்லாம் சேர்த்து 700 அடி தேறும்ணே” என்றார். அடி என்றால் கன அடி. அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டினார், அட்வான்ஸ் கைமாறியது. வெட்டி அடுக்கிய பிறகு நான் சும்மா இருக்க முடியாமல் நாடாவோடு போனேன். 940 அடி வந்தது. அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அளக்காமல் விற்றது நாங்கள்.

அளவு எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் காசு இருக்கிறது. வெட்டிய மரத் தடியின் நடுச் சுற்றளவை இஞ்சில் எடுத்து நாலால் வகுக்க வேண்டும். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48 இஞ்ச், நீளம் 20 அடி என்றால் 12 × 12 × 20 ÷ 144, சரியாக 20 கன அடி. உண்மையில் அந்த உருளையில் 25 கன அடிக்கு மேல் மரம் இருக்கிறது. மிச்சம் அறுப்புச் சேதாரம் என்று விட்டுவிடுவது தொழில் வழக்கம், அதில் சண்டை போட முடியாது. சண்டை போட வேண்டியது பட்டைக் கழிவில். “பட்டைக்கு ரெண்டு இஞ்ச் தள்ளிக்கலாம்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். 48 என்பது 46 ஆனால் அதே தடி 18.4 கன அடிக்கு இறங்கிவிடும். ஒரு தடிக்கு ஒன்றரை கன அடிக்கு மேல் போகிறது. 80 மரத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அடுத்த தடவை நாமே வெட்டுவோம் என்று இறங்கினேன். மெஷின் ஆள், கயிறு பிடிக்க நாலு பேர், மேஸ்திரி என்று எல்லாம் ஏற்பாடு. மரம் ஒழுங்காகத்தான் விழுந்தது. ஆனால் லாரி நிற்கிற இடத்துக்கும் மரத்துக்கும் நடுவே முக்கால் பர்லாங் ஏற்றம். 20 அடித் தடியைத் தோளில் ஏற்ற முடியவில்லை. மேஸ்திரி, “அஞ்சடியா அறுத்துடுவோம் சாமி” என்றார். அறுத்தோம். அஞ்சடித் துண்டு நல்ல பலகைக்குப் போகாது, பெட்டிப் பலகைக்குத்தான் போகும். அந்த விலைதான் கிடைத்தது. போதாதற்கு ஒரு தடி கைநழுவி உருண்டு 23 காபிச் செடியை வேரோடு படுக்கப் போட்டுவிட்டுப் போனது. அந்த இடத்தில் வைத்த கன்று காய்க்கவே மூணு நாலு வருஷம் ஆனது. கூலி, சுமைக் கூலி, சாப்பாடு எல்லாம் கழித்தால் வியாபாரி சொன்ன விலைக்குக் கீழே வந்து நின்றேன்.

ஆகவே என் பதில்: லாரி மரத்தடிக்குப் பக்கத்தில் வரும் என்றால் நீங்களே வெட்டலாம். வராது என்றால் நின்றபடியே கொடுங்கள், ஆனால் மொத்த விலைக்கு வேண்டாம். கன அடிக்கு இவ்வளவு என்று பேசி, வெட்டிய பிறகு இருவரும் உட்கார்ந்து அளந்து கணக்குப் பார்க்கிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். பட்டைக் கழிவு எவ்வளவு என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். வெட்டுகிற, இறக்குகிற பொறுப்பு அவருடையது. செடி சேதமானால் செடிக்கு இவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கட்டும். நான் இப்போது இப்படித்தான் விற்கிறேன். முகம் சுளிப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

அனுமதி விஷயத்தில் மட்டும் வியாபாரி சொல்கிற “நான் பார்த்துக்கறேன்” என்ற பேச்சை நம்பாதீர்கள். 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட கிராமங்களில், பட்டா நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அந்த அனுமதி நில உரிமையாளர் பெயரில்தான் வரும். 80 மரத்துக்கு வாங்கிவிட்டு அவர் ஆட்கள் 86 வெட்டினால் வனத்துறை தேடி வருவது உங்களைத்தான். பெயின்ட் டப்பா ஒன்று வாங்கி, மரத்துக்கு மரம் எண் போடுங்கள். வெட்டிய பிறகும் தெரிகிற மாதிரி அடித்தூரிலும் ஒரு எண் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. 80-ஐயும் ஒரே வருஷத்தில் எடுக்காதீர்கள். உங்கள் காபி அரபிகா ரகம் என்றால், நிழல் போய்த் திடீரென்று வெயில் இறங்கிய இடத்தில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு வந்து உட்காரும். மரம் விற்ற காசு போக, செடியும் போகும். வியாபாரி பருத்த மரமாகப் பார்த்து ஒரே மூலையில் கேட்பார், அது அவருக்குச் சௌகரியம். தோட்டம் முழுக்கப் பரவலாக, இரண்டு மூன்று தவணையாகக் கொடுங்கள். மிளகுக் கொடி ஏறிய மரத்தைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். காபிப் பழம் எடுத்து முடிந்து, காபியைப் பூக்க வைக்கிற பூ மழைக்கு முன்னால் உள்ள இடைவெளிதான் வெட்ட நல்ல நேரம். தை, மாசி. பூ வந்த பிறகு கயிறு இழுக்க விட்டால் பூவெல்லாம் தரையில்தான் கிடக்கும்.

அப்புறம் அளக்கத் தையல்கடைத் துணி நாடாவைக் கொண்டுபோகாதீர்கள். பழையதாகிவிட்டால் அது இழுத்துக் கொடுக்கும். இழுத்த நாடா 48-ஐ 47 என்று காட்டும், லாபம் அவருக்கு. இரும்பு நாடாவாகப் பார்த்து நீங்களே வாங்கி வையுங்கள். அவர் கொண்டுவருகிற நாடாவில் அளக்கச் சம்மதிக்க வேண்டாம்.