ஃபாகர் போட்டும் பன்றிகள் மூச்சிரைப்பது ஏன்?

கேள்வி: என் பண்ணையில் 30 தாய்ப் பன்றிகளும், கறிக்காக வளரும் 200 பன்றிகளும் இருக்கின்றன. தகரக் கூரைக் கொட்டகை. வெயில் ஏறியதிலிருந்து மதியம் முழுக்க மூச்சிரைக்கின்றன, தீவனம் பாதி மிச்சமாகிறது. பக்கத் திரைகளை இறக்கிவிட்டு ஃபாகர் (பனிபோல் பொடித்துளி தூவும் கருவி) ஓட்டினேன், புழுக்கம்தான் கூடியது. காய்ச்சல் ஊசியும் பலன் தரவில்லை. ஈனும் தறுவாயில் இருந்த ஒரு தாய் போன வாரம் இறந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: நிறைசினைத் தாயை இழந்தது பெரிய இழப்பு, ஐயா. நீங்கள் புழுக்கத்தைக் கவனித்தது சரிதான். இன்றே ஃபாகரை நிறுத்தித் திரைகளைத் தூக்கிக் கட்டுங்கள்.

பன்றியால் நம்மைப்போல வியர்க்க முடியாது. தோலுக்கடியில் கொழுப்பு, உடம்பின் அளவுக்கு நுரையீரலும் சிறியது. அதனால்தான் அது சேற்றைத் தேடுகிறது. தோலில் ஒட்டிய ஈரம் உலரும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஃபாகரின் பொடித்துளி தோலை நனைப்பதில்லை, காற்றில் நிற்கிறது. வெளியேற வழியில்லாத கொட்டகையில் காற்று ஈரமாகிவிட்டால் தோலும் உலராது, மூச்சு வழியே போகும் சூடும் தடைபடும்.

வளரும் பன்றிகளுக்குப் பெரிய துளி விழும் ஸ்பிரிங்ளர் போடுங்கள். முதுகு நனைய 1 அல்லது 2 நிமிடம் ஓடட்டும். பிறகு 15, 20 நிமிடம் நிறுத்திவிட்டு மின்விசிறிக் காற்று பன்றிகளின் மேல் படும்படி விடுங்கள். முதுகு காய்ந்ததும் மறுபடி நனைக்கலாம். இந்த இடைவெளிதான் முக்கியம். நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால் தரைதான் நசநசக்கும். தீவனத் தொட்டிப் பக்கம் வேண்டாம், சாணம் போடும் பக்கமாகப் பொருத்துங்கள்.

ஈனும் அறையில் ஸ்பிரிங்ளர் கூடவே கூடாது. தாய்க்கு 18 முதல் 22 டிகிரி இதமானது, பிறந்த குட்டிக்கோ 32 டிகிரிக்கு மேல் வேண்டும், உடம்பும் காய்ந்திருக்க வேண்டும். தாயின் கழுத்து, தோள் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விழும் குழாய் போடுங்கள். குட்டிகளுக்குச் சூடு தரும் விளக்கைத் தாயின் தலைப்பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்று: குடிநீர். ஒரு பண்ணையில் இதே தொல்லைக்காகப் போனபோது நிப்பிளை (பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) அழுத்திக் கையை நீட்டினேன். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் வந்தது. தொட்டியும் குழாயும் வெயிலில் கிடந்தன. பன்றிகள் ஒரு வாய் குடித்துவிட்டு விலகிக்கொண்டிருந்தன. நாளை மதியம் 2 மணிக்கு நீங்களும் கையை வைத்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்தில் 1 நிமிடம் பிடித்து அளவும் பாருங்கள். வளரும் பன்றிக்கு 1 லிட்டர், பாலூட்டும் தாய்க்கு 2 லிட்டர் வர வேண்டும். வெயில் நாளில் பாலூட்டும் தாய் 30 லிட்டருக்கு மேலும் குடிக்கும், அதற்காக நிப்பிளோடு மணிக்கணக்கில் போராடாது. தொட்டிக்கு நிழல் போட்டுக் குழாயை மண்ணில் புதையுங்கள்.

தீவனம் செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும். காலை 9 மணிக்குப் போட்டால் அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும். பொழுது விடியுமுன் ஒரு பங்கு, வெயில் தாழ்ந்தபின் பெரும்பங்கு கொடுங்கள். நார்ச்சத்தைக் குறைத்துக் கொஞ்சம் எண்ணெய் சேர்க்கலாம், குறைவாகத் தின்றாலும் சக்தி கிடைக்கும். கூரையின் மேல் சுண்ணாம்பு பூசுவது செலவு குறைந்த வேலை, தள்ளிப்போடாதீர்கள். எடை போடுவது, இடம் மாற்றுவது, தடுப்பூசி எல்லாம் அதிகாலையில் முடியட்டும்.

காய்ச்சல் ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்றால், காய்ச்சலில் உடம்பு தானே தன் சூட்டு அளவை உயர்த்திக்கொள்கிறது, மருந்து அதை இறக்குகிறது. இங்கே சூடு வெளியேற முடியாமல் தேங்கி நிற்கிறது, அதை மருந்தால் இறக்க முடியாது. ஆனால் விடியற்காலைக் குளுமையிலும் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் இருந்தால், காதோ வயிறோ சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். பன்றிக் காய்ச்சல் (ஸ்வைன் ஃபீவர்) போன்ற நோயாக இருக்கலாம். அந்தப் பன்றியைத் தனியே பிரித்து அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

விலாவின் ஏற்ற இறக்கத்தை 1 நிமிடம் எண்ணுவதை மதிய வழக்கமாக்குங்கள். 20 முதல் 40 வரை சாதாரணம். 60 தாண்டினால் கவனிக்க வேண்டும். 80, 90 என்று போய் வாயைத் திறந்து படுத்துவிட்டால் ஆபத்து. அந்த நிலையில் அதை எழுப்பி நடத்தாதீர்கள், பனி நீரைத் தலையோடு கொட்டவும் வேண்டாம், அதிர்ச்சியில் போய்விடும். நிழல் கட்டி, விசிறி வைத்து, சாதாரணத் தண்ணீரால் கால், கழுத்து என்று மெல்ல நனைத்து வாருங்கள்.

கிடாவையும், அதாவது ஆண் பன்றியையும், மறக்க வேண்டாம். இப்போது பட்ட சூடு விந்தில் தெரிய 2 வாரமாகும், மறுபடி சீராக 6 வாரம்கூடப் பிடிக்கும். அதற்குள் இணைசேர்த்த தாய்கள் மறுபடி பருவத்துக்கு வந்தால் தாய்மேல் பழி போட்டுக் கழித்துவிடாதீர்கள். இணைசேர்த்து 21 நாள் கழித்து ஒவ்வொன்றும் பருவத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். கிடாவைக் கொட்டகையிலேயே குளுமையான மூலைக்கு இன்றே மாற்றுங்கள்.