குட்டிகளோடு சைக்கிள் சவாரி: வாசகர் கேள்வி – பதில்

மகளுக்கு 2 வயது, எடை 11 கிலோ. வீட்டில் பழைய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிள் இருக்கிறது. கேரியரில் கூடை சீட் கட்டி அவளை மயிலாப்பூர் வரை கூட்டிப்போகலாமா? முன் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்தாலே போதும் என்கிறார் மாமியார்.
— வாசகி, மந்தைவெளி

வயதும் எடையும் சரிதான். ஒரு வயது முடிந்து, சாய்மானம் இல்லாமல் நேராக உட்காரவும் ஹெல்மெட்டின் கனத்தைக் கழுத்து தாங்கவும் பழகிவிட்ட குழந்தையைப் பின்சீட்டில் ஏற்றலாம். பெரும்பாலான பின்சீட்டுகள் 22 கிலோ வரை தாங்கும்.

முன் பார் வேண்டாம். அங்கே பாதத்துக்கு இடமே கிடையாது. கால் தொங்கிக்கொண்டிருக்கும், ஹேண்டிலைத் திருப்பும் நேரத்தில் அது முன்சக்கரக் கம்பிக்குள் போனால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். குழந்தையும் ஓட்டுபவரும் ஹேண்டிலைத் தாண்டி முன்னால் விழுவார்கள். கூடை சீட்டிலும் இதே சிக்கல்தான், அங்கே பின்சக்கரம். சைக்கிளில் போகும் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்படும் மோசமான காயங்களில் ஒன்று குதிகால் கம்பியில் சிக்கிச் சதை கிழிவது. மெதுவாகப் போனாலும் இது நடக்கும். கயிற்றால் கட்டிய கூடை ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து ஒரு பக்கம் சரியும் என்பது இன்னொரு தொல்லை.

சீட் வாங்கும்போது நான்கைப் பாருங்கள். சாய்மானம் தலை வரைக்கும் உயர்ந்திருக்க வேண்டும். பெல்ட் இரண்டு தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பாதம் வைக்க விளிம்புள்ள கிண்ணமும் அதன் மேல் பட்டையும் வேண்டும். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மறைப்பு வேண்டும். சைக்கிளில் சாரி கார்டு இருந்தாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். மறுபக்கத்துக்கும் ஒன்று போட்டுவிடுங்கள். நீங்கள் சுடிதார் அணிந்து ஓட்டினால் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கேரியர். அதில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும்; 25 கிலோவாவது வேண்டும். எண் எதுவும் இல்லை, பற்றவைத்த இடங்களில் துரு தெரிகிறது என்றால் கேரியரையே மாற்றுங்கள். அக்சில் நட்டோடு சேரும் இரண்டு கால்களையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சீட்டின் பக்கவாட்டில் எடையின் மையம் எது என்று குறி இருக்கும். அந்தக் குறி பின்சக்கர அக்சிலுக்கு 10 செ.மீ.-க்கு மேல் பின்னால் போகக் கூடாது. போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும்.

பழைய சைக்கிளுக்கே உரிய இரண்டு விஷயங்களும் உண்டு. உங்கள் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின்னால் இருக்கும் குழந்தை அதற்குள் விரலை விடும், நீங்கள் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் நசுங்கும். தடித்த ரெக்சினால் அதை முழுக்க மூடுங்கள். இரண்டாவது, முலாம் பூசிய எஃகு ரிம். நனைந்துவிட்டால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. பிரேக் ஷூ இறுகிப் பளபளப்பாகிவிட்டால் மாற்றுங்கள், விலை அற்பம். மழை நாளில் குழந்தையோடு எடுக்கவே வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: பின்சீட்டோடு சைக்கிள் சாய்வது பெரும்பாலும் ஓடும்போது அல்ல, நிற்கும்போது. பக்கவாட்டு ஸ்டாண்டை நம்பாதீர்கள், டபுள் ஸ்டாண்ட் போடுங்கள். பையை மாட்டி, பூட்டை எடுத்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் குழந்தையை ஏற்றுங்கள். நின்றதும் முதலில் இறக்குங்கள். இளநீர் வாங்கும் ஒரு நிமிடம்கூட அவளைச் சீட்டில் விட்டு நகராதீர்கள். முதல் நாள் குழந்தைக்குப் பதில் 10 கிலோ அரிசி மூட்டையைச் சீட்டில் பெல்ட் போட்டு வைத்து தெருவில் நாலு சுற்று ஓட்டிப் பாருங்கள். திரும்புவதும் நிறுத்துவதும் எவ்வளவு மாறுகிறது என்று புரியும்.

மூன்று வயதுப் பையன். ஹெல்மெட் போட்டால் ஐந்து நிமிடத்தில் பின்னுக்குத் தள்ளிவிடுகிறான்.
— வாசகர், அண்ணா நகர்

பின்னுக்குப் போகிறது என்றால் அளவு பெரிது, அல்லது வார் தளர்வு. தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்தச் சென்டிமீட்டருக்கு வாங்குங்கள். வயதைச் சொல்லி வாங்காதீர்கள். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். முன்வாரும் பின்வாரும் காதுக்கு நேர் கீழே கூட வேண்டும். தாடை வாரில் ஒரு விரல் நுழைந்தால் போதும். தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பெண் குழந்தைகளுக்கு உச்சிக் கொண்டை கூடாது, சடையைத் தாழ்வாகப் பின்னுங்கள்.

பைக்கில் பயணிக்கும் 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று 2022-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. தரமுள்ள சைக்கிள் ஹெல்மெட்டையும் அது ஏற்கிறது. ஆக, ஒரே ஹெல்மெட் இரண்டுக்கும் ஆகும். ஒரு தடவை பலமாக அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே உள்ள தெர்மாகோல் நொறுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள். சறுக்குமரத்தில் விளையாடும்போது கழற்றிவிடுங்கள். வார் மாட்டிக் கழுத்தை இறுக்கும்.

ஐந்து வயது மகள் ஒரு வருடமாக சைடு வீலோடு ஓட்டுகிறாள். எடுத்தால் அழுகிறாள்.
— வாசகி, பெரம்பூர்

சைடு வீல் பெடல் மிதிக்கக் கற்றுத்தரும், பேலன்ஸ் கற்றுத்தராது. திருப்பத்தில் சைக்கிள் உள்பக்கம் சாய வேண்டும். சைடு வீல் அதைச் சாயவிடாது, குழந்தை வெளிப்பக்கம் சாயப் பழகிவிடும். அதனால் சைடு வீலோடு பெடலையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். வலது பெடல் வழக்கம்போல் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ்: கடிகார முள் திசையில் திருப்பினால்தான் வரும். இது தெரியாமல் முறுக்கித்தான் பலர் கிராங்க்கின் மரையையே கெடுத்துவிடுகிறார்கள். சைடு வீல் அக்சில் நட்டிலேயே மாட்டியிருப்பதால், எடுத்த பிறகு பின்சக்கரம் ஃபிரேமின் நடுவில் நிற்கிறதா, செயின் நடுவில் ஒரு செ.மீ. அளவுக்கு மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்த்து நட்டை இறுக்குங்கள்.

இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்வரை சீட்டை இறக்குங்கள். சமமான, மணல் இல்லாத தரையில் நடக்கட்டும், பிறகு தள்ளட்டும், பிறகு காலைத் தூக்கி மிதக்கட்டும். ஐந்து எண்ணும் வரை கால் தூக்கி நேராகப் போக வந்துவிட்டால் பெடலை மாட்டுங்கள், சீட்டை இரண்டு செ.மீ. உயர்த்துங்கள். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். பேலன்ஸ் அவளுடையதாக இருக்க வேண்டும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் அக்குளுக்கு அடியில் பிடியுங்கள்.

சைக்கிள் பெரிதாக இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. பள்ளிச் சீருடை மாதிரி வளரும் என்று சேர்த்து வாங்கும் பொருள் இல்லை இது. ஐந்து வயதுக்குப் பெரும்பாலும் 16 இஞ்ச் சக்கரம் போதும். பிரேக் லீவரை அவள் விரல் எட்டிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். லீவரில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திருகினால் அது ஹேண்டில் பக்கம் நெருங்கி வரும்.

8 வயதும் 6 வயதும் சொந்தமாக ஓட்டுவார்கள். ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை. எவ்வளவு தூரம், யார் முன்னால் போவது?
— வாசகர், வேளச்சேரி

வேளச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். பத்து வயது வரை பிள்ளைகளுக்கு வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்க வராது. சின்ன சைக்கிள் ஆட்டோவின் பின்சீட்டுக்கு முன்னால் அடங்கிவிடும். ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்குங்கள். எலியட்ஸ் கடற்கரையில் வண்டிகளைத் தடுத்துத் தெருவைத் திறந்துவிடும் ஞாயிறாக அமைந்தால் நல்லது, ஆனால் கூட்டம் சேரும் முன்பே கிளம்புங்கள். மே கடைசியில் 5.45-க்கெல்லாம் விடிந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். கத்திரி நாட்களில் எட்டு மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

தூரத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 16 இஞ்ச் சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர்தான் நகரும், உங்கள் 26 இஞ்ச் சைக்கிளில் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். நீங்கள் ஒரு மிதி மிதித்தால் சின்னவன் இரண்டு மிதிக்கிறான். நாலு கிலோமீட்டருக்கு 1,600 சுற்று! முதல் மாதத்துக்கு அதுவே அவனுக்கு நிறைய. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நின்று தண்ணீர் கொடுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பெரியவர்கள் இருவர் என்றால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில், சின்னவன் முன்னவருக்கு அடுத்து. நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் இருவரையும் முன்னால் விட்டு, அவர்களுக்குப் பின்னால் சற்று வலப்பக்கம் தள்ளி ஓட்டுங்கள். பின்னால் வரும் வண்டி உங்களைச் சுற்றிப் போகும். நின்றிருக்கும் காரை ஒட்டி ஓட்டவிடாதீர்கள், கதவு திறக்கும். “நில்லு” என்றால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, காலை ஊன்றி நிற்க வேண்டும் என்பதை வீட்டு வாசலிலேயே பழக்குங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. அடியில் பள்ளமா, மூடி இல்லாத வடிகாலா என்று தெரியாது.

கடற்கரைக்குப் போய்வந்தால் செயின் துருப்பிடிக்கிறது. ஓட்டாமல் நிற்கும்போதும் காற்று இறங்குகிறது.
— வாசகர், திருவான்மியூர்

உப்பும் மணலும். வந்த அன்றே ஈரத்துணியால் ஃபிரேமையும் செயினையும் துடைத்து, காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதை ஒற்றி எடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஆயில் போதும். காற்று இறங்குவதற்குப் பஞ்சரைத் தேடும் முன் வால்வ் டியூபைப் பாருங்கள். அந்தச் சின்ன ரப்பர் வெயிலில் காய்ந்து வெடிக்கும். சில ரூபாய்க்கு எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

தெருநாய் துரத்தினால்?
— வாசகி, கொளத்தூர்

பிள்ளைகள் பயந்து வேகமாக மிதிப்பார்கள். நாய் இன்னும் துரத்தும், திரும்பிப் பார்த்துக்கொண்டே எதிலாவது மோதுவார்கள். நிற்கச் சொல்லுங்கள். இறங்கி, நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் சைக்கிளை வைத்து, அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். பின்சீட்டில் குழந்தை இருந்தால் இறக்காமல், தள்ளிக்கொண்டே போங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.