‘ஐ லைக் லோன்லினெஸ்’னு எழுதலாமா?

கேள்வி: சார், வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு மாஸ்டர்ஸ் அப்ளை பண்றேன். எனக்குத் தனியா உட்கார்ந்து படிச்சாதான் செட் ஆகும்னு சொல்றதுக்காக எஸ்ஓபில (அப்ளிகேஷனோட நம்மைப் பத்தியும் ஏன் இந்தப் படிப்புன்னும் எழுதி அனுப்புற கட்டுரை) ‘ஐ லைக் லோன்லினெஸ்’னு எழுதியிருந்தேன். கன்சல்டன்ஸில அதை ‘ஐ ஆம் எ லோனர் ஹூ செரிஷஸ் சாலிட்யூட்’னு மாத்திட்டாங்க, இதுதான் ஹை லெவல் இங்கிலீஷாம். டிக்‌ஷனரி ஆப்ல பார்த்தா எல்லாத்துக்கும் ‘தனிமை’ன்னே வருது. எதை வைக்கிறது?

பதில்: ரெண்டையும் தூக்கிடுங்க. ஆனா தூக்கச் சொல்றதுக்குக் காரணம் வேற வேற.

உங்க வரியை எடுத்துப்போம். லோன்லினெஸ்ங்கிறது கூட யாரும் இல்லாத நிலைமை இல்ல, யாரும் இல்லையேன்னு மனசு படுற கஷ்டம். நூறு பேர் இருக்குற ஹாஸ்டல்லயும் ஒருத்தர் லோன்லியா இருக்கலாம். ‘ஐ லைக் லோன்லினெஸ்’னு சொன்னா அது எனக்குத் தலைவலி ரொம்பப் புடிக்கும்னு சொல்ற மாதிரி. பிரிட்டன்ல 2018ல லோன்லினெஸ்ஸுக்குன்னே ஒரு மந்திரியைப் போட்டாங்க, 2021ல ஜப்பான்லயும் போட்டாங்க, அமெரிக்க அரசோட சர்ஜன் ஜெனரலா, அதாவது பொது சுகாதாரத்துக்கான தலைமை டாக்டரா அப்போ இருந்த விவேக் மூர்த்தி 2023ல இதைப் பொது சுகாதாரப் பிரச்சினைன்னு சொல்லி அறிக்கையே விட்டார். அந்த ஊர்கள்ல இந்த வார்த்தை இப்போ அந்த இடத்துல இருக்கு. உங்க அப்ளிகேஷனைப் படிக்கிறவர் ஒண்ணு சிரிப்பார், இல்லன்னா இந்தப் புள்ளைக்கு ஏதாவது உதவி தேவைப்படுதோன்னு யோசிப்பார், ரெண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

கன்சல்டன்ஸிக்காரங்க வரி இதைவிட மோசம். சாலிட்யூட் நல்ல வார்த்தைதான், நாமளா விரும்பி எடுத்துக்குற தனிமை, அமைதி, அதுல வலி இல்ல. ஆனா பக்கத்துலயே லோனரைக் கொண்டுவந்து உட்கார வச்சிருக்காங்க பாருங்க! லோனர்னா யார்கூடவும் ஒட்டாத, ஒட்டவும் விரும்பாத ஆளு. இங்கிலீஷ் நியூஸ்ல ஏதாவது குற்றம் நடந்து ஆளைப் புடிச்சா, அக்கம்பக்கத்துல விசாரிச்சோம், லோனராம்னு எழுதுவாங்க, அந்த வாடை அந்த வார்த்தைல இருக்கு. குரூப் ப்ராஜெக்ட், லேப்னு ஓடப்போற படிப்புக்கு அப்ளை பண்றவர் தன்னைப் பத்தி இப்படியா எழுதுவார்? இவங்க செய்றது என்னன்னா, டிக்‌ஷனரில கனமான வார்த்தையாத் தேடிப் பொறுக்கி, ஒரே டெம்ப்ளேட்ல போட்டு, பேரை மட்டும் மாத்தி எல்லாருக்கும் கொடுக்குறது. ‘செரிஷஸ்’ எங்க வந்தாலும் எனக்கு சந்தேகம் வந்துடும். காசு வாங்கிட்டு எழுதிக் கொடுக்குறவங்களை நம்பாதீங்க, உங்க பேர்ல போறதை நீங்களே எழுதுங்க, கிராமர் மட்டும் யாராவது பார்த்துக் கொடுக்கட்டும்.

உங்களுக்குத் தேவையானது சாதாரணமான ‘அலோன்’. ‘ஐ வொர்க் பெஸ்ட் அலோன்’னு எழுதினா முடிஞ்சது, இல்லன்னா ‘ஆன் மை ஓன்’னு போடுங்க. இதுல சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல, கூட ஆள் இல்லைங்கிற தகவல் மட்டும்தான். (‘ஐ ஃபீல் அலோன்’னு சொன்னா கொஞ்சம் லோன்லி பக்கம் சாயும், அது உங்களுக்குத் தேவைப்படாது.) ‘ஐ லிவ் லோன்லி’ன்னு நிறைய பேர் எழுதுறாங்க, கடைசில ‘லி’ வர்றதால அது எப்படின்னு சொல்ற வார்த்தைன்னு நினைச்சுக்குறாங்க. இல்லைங்க, ஃப்ரெண்ட்லி மாதிரி அதுவும் ஆளைச் சொல்ற வார்த்தை. ‘ஐ லிவ் அலோன்’தான் சரி. அதே மாதிரி ‘ஐ கேம் சிங்கிள்’னு எழுதாதீங்க, கல்யாணம் ஆகலைன்னு அர்த்தமாயிடும்.

இப்போ நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா எஸ்ஓபில கண்டிப்பா மாட்டுவீங்க. அலோன் எங்க உட்காருதுங்கிறதுல அர்த்தமே மாறும். ‘ஐ டிட் த ப்ராஜெக்ட் அலோன்’னா யாரோட உதவியும் இல்லாம தனியா செஞ்சேன். ‘ஐ அலோன் டிட் த ப்ராஜெக்ட்’னா நான் மட்டும்தான் செஞ்சேன், மத்தவன் எவனும் செய்யலை. முதல் வரி சாதாரணத் தகவல், ரெண்டாவது வரி கூட இருந்தவங்க மேல புகார் மாதிரி கேக்கும். நாலு பேர் டீம்ல இருந்துட்டு ரெண்டாவது வரியை எழுதினா, உங்களுக்கு ரெக்கமண்டேஷன் லெட்டர் கொடுத்த புரொஃபசர் ‘டீம் வொர்க்ல கெட்டிக்காரர்’னு எழுதியிருப்பார், ரெண்டும் மோதும். நம்ம பேச்சுல ‘நான் தனியா’, ‘நான் மட்டும்’னு தெளிவா ரெண்டு இருக்கு, எழுதுறதுக்கு முன்னாடி எதைச் சொல்ல வர்றோம்னு தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்குங்க. தனியான்னா அலோன் கடைசில, மட்டும்னா ஆளுக்குப் பக்கத்துல.

இன்னொண்ணு, ‘ஆன் அலோன் ஸ்டூடண்ட்’னு ஆளுக்கு முன்னாடி அலோன் வராது. இடைக்கால இங்கிலீஷ்ல ‘ஆல்’லும் ‘ஒன்’னும் ஒட்டி வந்ததுதான் அலோன், அதுல முன்னாடி ‘அ’வை உதிர்த்துட்டு ‘லோன்’னு ஒண்ணு பொறந்தது (பேங்க்ல வாங்குற லோன் இல்ல), பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்றது அதுதான். உங்களுக்கு இது தேவைப்படாது, விடுங்க.

டிக்‌ஷனரி ஆப்பை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. லோன்லிக்கு சினானிம் (அதே அர்த்தம் வர்ற வேற வார்த்தை) என்னன்னு கேட்டு நாலு ஆப்ஷன் கொடுத்து, அலோனை டிக் பண்ணினா மார்க்குன்னு பரீட்சை வச்சா பசங்க வேற எப்படி எழுதுவாங்க? சினானிம்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க, ஒரு வாக்கியத்துல வச்சுக் காட்டுறதில்ல. அந்தப் பரீட்சைல நூத்துக்கு நூறு எடுத்தவங்கதான் அப்புறம் கன்சல்டன்ஸில உட்கார்ந்து உங்களைத் திருத்துறாங்க.

உங்க வரியை இப்படி வச்சுக்குங்க: ‘ஐ ஸ்டடி பெஸ்ட் ஆன் மை ஓன், பட் ஐ என்ஜாய் டிஸ்கஸிங் ஐடியாஸ் வித் அதர்ஸ்.’ ரெண்டாவது பாதி உண்மையா இருந்தா மட்டும் போடுங்க. சாலிட்யூட் வேணும்னே தோணுச்சுன்னா நீங்க எழுதப்போறது லிட்டரேச்சருக்கான அப்ளிகேஷனான்னு பாருங்க, இன்ஜினியரிங்னா வேண்டாம். கன்சல்டன்ஸில உங்க லாகின், பாஸ்வேர்டு வச்சிருந்தா இன்னைக்கே மாத்திடுங்க, அவங்களே சப்மிட் அமுக்கிட்டா நிறைய போர்ட்டல்ல திரும்பத் திருத்த விடமாட்டாங்க.