வீட்டு வைஃபையில் மட்டும் சில தளங்கள் திறக்கவில்லை. இலவச விபிஎன் போட்டால் சரியாகுமா?

போன் டேட்டாவில் திறக்கும் தளம் வீட்டு வைஃபையில் திறக்கவில்லை, இலவச விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்து சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தளத்தைத் தடுக்கும் பூட்டு எங்கே தொங்குகிறது என்று முதலில் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்காமல் போனதால் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நாலறை வீடு எங்களுடையது. மகள் உயர்நிலை இரண்டு படிக்கிறாள். அவள் தொடக்கப்பள்ளியில் இருந்தபோதே ரூட்டரின் செயலியில் குடும்ப வடிகட்டியைப் போட்டுவிட்டேன். சூதாட்டம், ஆபாசம் என்று வரிசையாக இருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் 'வகைப்படுத்தப்படாதவை' என்று ஒன்று இருந்தது. அதையும் அழுத்தினேன்.

இந்த வருடம் தமிழாசிரியர் சங்கப்பாடல் பற்றி ஒரு திட்டப்பணி கொடுத்தார். கூடவே உரை வாசிக்க ஒரு லிங்க். "அப்பா, ஆசிரியர் கொடுத்த லிங்க் நம்ம வீட்டுல மட்டும் திறக்க மாட்டேங்குது" என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னாள். "வேலை முடிஞ்சு வந்து பாக்குறேன்மா" என்றேன், மூன்று நாளும். நான்காம் நாள் அவள் கேட்கவில்லை. தானே திறந்துகொண்டது போல என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வீட்டுக்குப் பொதுவான லேப்டாப்பில் பலசரக்கு ஆர்டர் பண்ண உட்கார்ந்தேன். விலையெல்லாம் யூரோவில் வந்தது. பிரவுசரின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம். இலவச விபிஎன் நீட்சி, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு செயலி. அதன் அனுமதிப் பட்டியலைத் திறந்தால், நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. இந்த அனுமதி கிடைத்துவிட்டால் முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பூட்டு வழியில் இருப்பவர்களிடமிருந்து காக்கும். நீட்சியோ பிரவுசருக்கு உள்ளேயே உட்கார்ந்து, பூட்டைத் திறந்த பிறகு தெரியும் பக்கத்தை அப்படியே பார்க்கும். அதே பிரவுசரில்தான் நான் வங்கிக் கணக்கைத் திறக்கிறேன். அன்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்.

இது வீண் பயம் இல்லை. ஹோலா என்ற இலவச விபிஎன்னை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்துபவர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பது 2015-ல் பெரிய பேச்சானது. யாரோ ஒருவர் எதையோ செய்ய, அது உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து போனதாகப் பதிவாகும். சர்வர் நடத்தப் பணம் வேண்டும். உங்களிடம் வாங்காதவர் அதை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் விதம். விண்டோஸில் கட்டளைகளை அடிக்கும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, என்எஸ்லுக்அப் (nslookup) என்பதை ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக அடித்து, ஓர் இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைக் கொடுங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். வீட்டு வடிகட்டிகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. எனக்கு வந்த பதில் 0.0.0.0. அப்படி ஒரு முகவரியில் எந்தத் தளமும் இருக்க முடியாது. வடிகட்டி வேண்டுமென்றே கொடுக்கும் பொய்ப் பதில் அது. அதே வரியின் கடைசியில் இன்னோர் இடைவெளி விட்டு 1.1.1.1 சேர்த்து மறுபடி கேளுங்கள். அது வெளியே இருக்கும் ஒரு பொது டிஎன்எஸ் சர்வரின் முகவரி. இப்போது ஒழுங்கான முகவரி வந்தால், தடை உங்கள் ரூட்டர் பயன்படுத்தும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. அப்போதும் 0.0.0.0 என்றே வந்தால், வெளியே போகும் கேள்வியையும் ரூட்டர் வழிமறித்துத் தானே பதில் சொல்கிறது. டிஎன்எஸ் கேள்விகள் வழக்கமாக 53 என்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது அவற்றுக்கென்று உள்ள வாசலில், மறைப்பில்லாமல் போவதால் அது சுலபம். இரண்டு தடவையும் நிஜமான, ஆனால் வேறு வேறு எண்கள் வந்தால் குழம்ப வேண்டாம். பெரிய தளங்களுக்குப் பல சர்வர்கள் உண்டு.

ரூட்டர் உங்களுடையது என்றால் இனி வேலை சுலபம். செயலியில் 'அனுமதித்த தளங்கள்' என்ற பட்டியலில் அந்தப் பெயரைச் சேருங்கள். உங்கள் சொந்தக் கணினிக்கு மட்டும் போதுமென்றால் பிரவுசர் செட்டிங்ஸில் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸைப் போடலாம். 2018-ல் தரமாக அறிவிக்கப்பட்ட முறை அது. டிஎன்எஸ் கேள்வியைச் சாதாரண வலைப் போக்குவரத்துக்குள் மறைத்து அனுப்பும், அதனால் 53-ஐ மறிக்கும் ரூட்டர் அதைப் பார்க்காது. வாடகை அறையில் இருக்கிறீர்கள் என்றால் வீட்டுக்காரரிடம் தளத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் என்னைப் போல எல்லாப் பொத்தானையும் அழுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

எண் சரியாக வந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் கருவியைச் சந்தேகப்படுங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் படிப்புக்குப் பள்ளி வழியாக வாங்கும் லேப்டாப் போன்ற கற்றல் கருவிகளில், அவற்றைக் கட்டுப்படுத்தும் நிர்வாகச் செயலி ஒன்று இருக்கும். அந்தத் தடை கருவியோடு சேர்ந்தே வரும், எந்த வைஃபையில் போட்டாலும் இருக்கும். ரூட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இல்லை. பள்ளி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. அதைப் பள்ளியிடம் கேளுங்கள்.

இணையச் சேவை நிறுவனமே தடுக்கும் தளங்கள் வேறு கதை. இங்கே சிங்கப்பூரில் 2018-ல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 53 திருட்டுத் திரைப்படத் தளங்கள் தடுக்கப்பட்டன. உரிமமில்லாத சூதாட்டத் தளங்களும் அப்படித்தான், அங்கே போய் ஆடுவதே சட்டப்படி குற்றம். உங்கள் தளம் இந்த வகை என்றால் நான் வழி சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னும் ஆறாதது அந்த 'வகைப்படுத்தப்படாதவை' பொத்தான்தான். வடிகட்டி நிறுவனங்கள் தளங்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும்போது கூட்டம் அதிகம் உள்ளவற்றையும் ஆங்கிலத் தளங்களையும் முதலில் பார்க்கின்றன. யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கைக்காசு போட்டு நடத்தும் தமிழ்ப் பக்கத்துக்குச் சீட்டே கிடைப்பதில்லை. சீட்டில்லாததைத் தடு என்று அழுத்தினால் முதலில் அடிபடுவது நம்முடைய பக்கங்கள். மகள் வாசிக்கத் தேடியது குறுந்தொகைக்கு ஓர் உரை. அதைத்தான் என் ரூட்டர் ஆபத்து என்று மூடி வைத்திருந்தது.

நீட்சியை நானும் அவளும் சேர்ந்தே நீக்கினோம். அவளைத் திட்டவில்லை, மூன்று நாள் கேட்டிருக்கிறாள். என்எஸ்லுக்அப்பை அவளையே அடிக்கச் சொல்லி அந்த 0.0.0.0-வைக் காட்டினேன். இப்போது ரூட்டர் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. திறக்காத தளத்தின் பெயரை அவள் எழுதி வைப்பாள், அன்று படுக்கப் போகும் முன் நான் பார்த்துவிடுவேன். இதுவரை பதினொரு பெயர்கள் வந்திருக்கின்றன. ஒன்பதைத் திறந்துவிட்டேன். இரண்டுக்கு ஏன் முடியாது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அதில் ஒன்றை அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.