சிவப்பு ஒளி பட்டால் முடி வளருமா?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று ஆண்டுகளாக உச்சந்தலையில் முடியின் அடர்த்தி குறைந்துகொண்டே வருகிறது. என் தந்தைக்கும் வழுக்கை உண்டு. டெங்கு காய்ச்சலுக்குப் பிறகு கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்த என் நண்பர், தலையில் சிவப்பு லேசர் ஒளி பாய்ச்சும் தொப்பியை அணிந்த ஆறே மாதங்களில் பழையபடி வளர்ந்துவிட்டது என்கிறார். அதே சிகிச்சைக்கு ஒரு முடி சிகிச்சை மையத்தில் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நண்பருக்கு வந்ததும் தங்களுக்கு வந்திருப்பதும் ஒன்றல்ல. கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடியை உதிர்க்கின்றன. பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் உதிர்வு தானாகவே அடங்கி, முடி மீண்டும் முளைத்துவிடும். அந்த மாதங்களில் தலையில் தொப்பி இருந்ததால், உடல் செய்த வேலைக்குத் தொப்பி பெயர் வாங்கிக்கொண்டது.

தங்கள் விவரமோ பரம்பரை வழுக்கையைக் காட்டுகிறது. டி.எச்.டி. என்னும் ஹார்மோனால் மயிர்க்கால்கள் சிறுகச் சிறுகச் சுருங்குவதே இதன் காரணம். ஒளி அந்த ஹார்மோனைத் தடுப்பதில்லை; மயிர்க்காலின் செல்களில் ஆற்றல் உற்பத்தியைத் தூண்டி, முடியின் வளர்ச்சிப் பருவத்தை நீட்டிக்கிறது என்றே கருதப்படுகிறது. 1967-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று முடி மழிக்கப்பட்ட எலிகளில் சோதித்தபோது, ஒளி பட்ட எலிகளுக்கு முடி விரைவாக வளர்ந்ததைக் கண்டார். இந்தச் சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

ஆகவே இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2014-இல் வெளியான ஆய்வில், ஆண்களும் பெண்களும் 655 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி தரும் லேசர் சீப்பை வாரம் மூன்று முறை வீதம் 26 வாரங்கள் பயன்படுத்தியதில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 முடிகள் கூடின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக லேசர் இல்லாத போலிச் சீப்பு பெற்றவர்களுக்குப் பத்துக்கும் குறைவாகவே கூடின. இந்த ஆய்வுக்குச் சீப்பைத் தயாரித்த நிறுவனமே பணம் அளித்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அந்தச் சீப்புக்கு 2007-இல் ஆண்களுக்கும் 2011-இல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தது உண்மையே. ஆனால் அது, ஏற்கெனவே விற்பனையில் உள்ள கருவிகளுக்கு இது நிகரானது என்ற அடிப்படையில் தரப்படும் அனுமதி. ஒரு மருந்துக்குக் கேட்கப்படும் அளவுக்குச் சான்றுகள் அதற்குக் கேட்கப்படுவதில்லை.

முப்பது வயதில் கண்ணாடி முன் மனம் உடைந்து நிற்பவர்களை அன்றாடம் பார்க்கிறேன். அவர்களுடைய வேதனையைக் காட்டியே முன்பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பணம் கட்ட வேண்டாம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் முதலில் காட்டுங்கள். மினாக்சிடில் பூச்சு, மருத்துவர் தேவையெனக் கருதினால் ஃபினாஸ்டரைடு மாத்திரை ஆகியவற்றுக்கே சான்று வலுவாக உள்ளது. ஒளிச் சிகிச்சையை இவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக அல்ல. மூன்றில் எதை நிறுத்தினாலும் அது தந்த பலன் மெல்ல மறைந்துவிடும். முற்றிலும் வழவழப்பாகிவிட்ட இடத்தில் ஒளியால் பயன் கிடைப்பது அரிது.

பிற்பாடு கருவி வாங்குவதென்றால், தொடங்கும் நாளிலும் ஆறாம் மாத முடிவிலும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் உச்சந்தலையைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.